ஒன்றேகால் அவுன்ஸ் உப்பு

1934ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. விடியப்புறம் பிடித்த மழை ஏழரைக்கு விட்டிருந்தது. வானம் முழுக்க மூடிக் கிடந்தது. வாடைக்காற்று அவ்வளவு பலமில்லை. தீவு ஊரான கரம்பொனில் எங்கள் பாடசாலை மனேச்சரின் வீட்டு விறாந்தையில், அவரை ஒரு கதிரையில் இருத்தி, மூன்றடி உயரமும் இரண்டேகால் அடி அகலமும் உள்ள தாளில் முதற்கோட்டை இழுத்தேன். அந்தக் கோடு அவருடைய காது. அது சரியாக வந்தது. அதன்பின் நாலு மாதமும் பத்து நாளும் வேறொன்றும் சரியாக வரவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது எழுபத்தொன்று. இதை எழுதும் மேசையின் ஒரு கால் கட்டை. நாலாக மடித்த கடதாசி வைத்திருக்கிறேன், அப்படியும் ஆடுகிறது. ஐந்தாக மடித்தால் மற்றப் பக்கம் ஆடும். ஆகவே எழுத்துக் கோணினால் அதற்கு மேசைதான் காரணம்.

மனேச்சர் மலாயாவில் இருபத்தெட்டு வருடம் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். திரும்பி வந்து இரண்டு காரியம் செய்தார். பாடசாலைக்கு ஒரு மண்டபம் கட்டினார். தன் வளவில், ஒழுங்கைப் பக்கமாக, எல்லோரும் அள்ளக்கூடிய விதத்தில் ஒரு கிணறு வெட்டினார். மண்டபத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கிணற்றைப் பற்றிப் பேசாத நாளில்லை. யார் அவர் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் வரும். குடித்து முடிக்குமட்டும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "எப்பிடித் தண்ணி?" என்று கேட்பார். வந்தவர், "இளநீர்தான், ஐயா" என்பார். அதற்குப் பிறகுதான் வந்த விஷயம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், என் கணக்கில் நாற்பது தடவைக்குக் குறையாது. பொய் சொன்னேன் என்று இல்லை. எங்களுக்கு அது இளநீர்தான்.

நான் அந்தப் பாடசாலையில் தற்காலிக ஆசிரியன். நிரந்தரமாவதற்கு ஒரு படிவத்தில் மனேச்சர் கையெழுத்து வைக்க வேண்டும். அது மார்ச் 31க்கு முன் பட்டினத்தில் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த தவணையில் என் கதிரையில் வேறொருவர் இருப்பார். வீட்டில் நானும் அக்காவும். சம்பளம் என்னுடைய ஒன்றுதான்.

ஆசிரியர் பயிற்சியில் நான் சித்திரத்துக்கு மூன்றாம் பரிசு பெற்றவன் என்பது மனேச்சருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போட்டியில் வரைந்தவர்கள் நாலு பேர் என்பது தெரியவில்லை. மண்டபத்தில் இரண்டு சன்னல்களுக்கு நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதில் அவர் படம் வரவேண்டும்.

"போட்டோ எடுக்கலாமே, ஐயா" என்றேன்.

"மலாயாவில, தைப்பிங்கில ஒருக்கா எடுத்தனான். கண் இரண்டும் மூடிப் போச்சு. மெசினுக்கு ஆளைத் தெரியுமோ? நீர் என்னை நாள்தோறும் பார்க்கிற ஆள். நீர் கீறும்."

"என்ர நியமனப் படிவம், ஐயா…"

"படம் முடியட்டும், வாத்தியார். படத்தை மாட்டிப்போட்டு, அதுக்குக் கீழ இருந்து வைக்கிறன் கையெழுத்து."

எண்ணெய் வர்ணம் எனக்குப் பழக்கமில்லை. தண்ணீரில் கரைக்கும் வர்ணத் தூளும் விளாம்பிசினும்தான் தெரியும். பிசினைத் தண்ணீரிலிட்டு நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சி, வடித்து, அதில் தூளைக் குழைக்க வேண்டும். அன்று மழைக்குப் பிறகு கிணறு கலங்கியிருந்ததால், கூரைப் பீலியிலிருந்து வடிந்த மழைத் தண்ணீரைச் சட்டியில் ஏந்தி எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு வரியை வாசிப்பவர் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

முதற்படம் ஒன்பது நாளில் முடிந்தது. மனேச்சர் அதற்கு முன்னால் நின்றார். பின்னால் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இது நான் இல்லை" என்றார். "இது இளையவன்."

இளையவன் என்றது அவருடைய தம்பியை. இருவருக்கும் நடுவில் ஒரு வேலியும், வேலியோடு நின்ற ஐந்து பனையும், அந்த ஐந்து பனைக்காக ஆறு வருடமாக நடந்த வழக்கும் இருந்தன. மனேச்சருக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். எதிரே இருந்து பார்த்த எனக்கு எது அவருடைய இடப்பக்கம், எது என்னுடைய இடப்பக்கம் என்று குழம்பிவிட்டது, வலப்பக்கம் வைத்துவிட்டேன். வலப்பக்கம் மச்சம் இளையவருக்கு.

மனேச்சரின் மனைவி குசினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஓமப்பா, அச்சு அவர்தான்" என்றார். "வழக்கை நாங்கள் தோத்துப் போனமோ?"

"கொண்டு போம், வாத்தியார்" என்றார் மனேச்சர்.

நான் அதைச் சுருட்டிக்கொண்டுபோய் வீட்டு அலுமாரிக்கு மேல் போட்டேன்.

இரண்டாம் படத்துக்கு மச்சத்தை இருமுறை எண்ணிப் பார்த்தே வைத்தேன். மழை ஓய்ந்து கிணறு தெளிந்திருந்தது. மனேச்சரின் மனைவி தினமும் ஒரு வாளி தண்ணீர் அள்ளி விறாந்தையில் வைத்துவிடுவார். பதினொரு நாளில் முடிந்தது. முகம் நன்றாக அமைந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மனேச்சர் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றார். சட்டம் போடுமட்டும் விறாந்தைச் சுவரில் சாத்தி வைத்தோம்.

மார்கழி மழை தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது மனேச்சரின் மனைவி வாசலில் நின்றார்.

"வாத்தியார், இவர் அழுகிறார்."

உள்ளே போய்ப் பார்த்தேன். படம் முழுவதும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இடது கண்ணில் சேர்ந்த துளி கன்னத்தால் வடிந்து, மச்சத்தையும் இழுத்துக்கொண்டு மீசையில் போய் நின்றது. விறாந்தைக் கூரையில் ஒழுக்கில்லை. நான் ஏறிப் பார்த்தேன். மனேச்சர் கதிரையில் வேறு பக்கம் திரும்பி இருந்தார்.

"ஆள் உயிரோட இருக்கேக்க படம் அழுறது என்ன சகுனம் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்றார் மனைவி.

"தெரியாது, அம்மா."

"எனக்கும் தெரியாது. ஆனால் நல்லதா இராது."

அந்தப் படத்தையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எங்கட உப்புச் சட்டியும் உப்பிடித்தான் மழைக்கு ஒழுகிக்கொண்டு நிக்குது" என்றாள். நான் அவளுக்குச் சித்திரம் விளங்காதென்று எண்ணிக்கொண்டேன். அவள் அதைச் சொன்னது டிசம்பர் 20ஆம் திகதி. அவள் சொன்னதில் விஷயம் இருந்ததென்று எனக்கு உறைத்தது பிப்ரவரி 24ஆம் திகதி. அறுபத்தாறு நாள்.

பிசின் இளகியதுதான் காரணமென்று தீர்மானித்தேன். மூன்றாம் படத்துக்குப் பிசினை எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சினேன். அதாவது, எது காரணமோ அதை இரு மடங்காக்கினேன். தை மாதம், நல்ல வெயில். இம்முறை படம் வியர்க்கவில்லை. காய்ந்து எட்டாம் நாள் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. முதலில் நெற்றியில் ஒன்று, பிறகு மூக்கில் ஒன்று, பன்னிரண்டாம் நாள் எண்ணியபோது பதினேழு. துணியால் துடைத்தால் போகும், மறுநாள் வரும்.

"தோல் வருத்தம்" என்றார் மனைவி. "எங்கட பரம்பரையில இல்லை."

"என்ர பரம்பரையிலயும் இல்லை" என்றார் மனேச்சர்.

"அப்ப வாத்தியாற்றை பரம்பரையாத்தான் இருக்கும்."

நான்காம் படத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். தாளை விட்டுச் சீலைத் துணியில் வரைந்தேன். விளாம்பிசினை விட்டு வேப்பம்பிசின் எடுத்தேன். வள்ளமேறிப் பட்டினத்துக்குப் போய் வேறு கடையில் வர்ணத் தூள் வாங்கி, பழைய கடைக்காரனைப் புதிய கடைக்காரனிடம் குறை சொன்னேன். புதியவன் சந்தோஷப்பட்டு ஒரு தூரிகை இனாமாகத் தந்தான். நான்காம் படம் பகலில் பூத்தது, இரவில் வியர்த்தது.

மார்ச் 31க்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. நான் நாலு படங்களையும் வீட்டு முற்றத்தில் வரிசையாக வைத்து முன்னால் குந்தியிருந்தேன். மூன்று மனேச்சரும் ஒரு தம்பியாரும். மூன்று மனேச்சரும் நோயாளிகள். தம்பியார் மட்டும், அலுமாரிக்கு மேல் மூன்று மாதம் தூசியில் கிடந்தவர், மாரி முழுக்கப் பார்த்தவர், ஒரு துளி வியர்க்காமல், ஒரு புள்ளி பூக்காமல் இருந்தார்.

பென்சிலை எடுத்து எழுதிப் பார்த்தேன். தாள் மாறியது, பிசின் மாறியது, வர்ணம் மாறியது. முதற்படத்துக்குப் பிறகு மூன்றிலும் மாறாதவை மூன்று: நான், மனேச்சர், தண்ணீர். முதலிரண்டையும் மாற்ற வழியில்லை. அப்போதுதான் பீலியும் சட்டியும் ஞாபகம் வந்தன. அதன்பிறகு அக்காவின் உப்புச் சட்டி.

மனேச்சர் கிணற்றுத் தண்ணீரில் அரைப் போத்தல் கொண்டுவந்து, ஒரு வெள்ளைப் பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தேன். மறுநாள் பின்னேரம் பீங்கானின் அடியில் ஒரு வெள்ளை வட்டம். நாக்கில் வைத்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கிணற்றிலும் அப்படியே செய்தேன். அதுவும் உப்பு, மனேச்சருடையதைவிடச் சற்றுக் குறைவு. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

நாற்புறமும் கடல் சூழ்ந்த ஓர் ஊரில் தண்ணீர் உப்பாயிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று வெளியூரார் சொல்லலாம். சோற்றுலைக்கு நாங்கள் உப்புப் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று கேட்டவரும் இல்லை. பிறந்த அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு ருசி தெரியாது. இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாததை நாலு படங்கள் எனக்குச் சொல்லின. பிசினை வற்றக் காய்ச்சும்போதெல்லாம் நான் உப்பையும் வற்றக் காய்ச்சியிருக்கிறேன். நாலு மடங்காக ஒரு தடவை, எட்டு மடங்காக ஒரு தடவை.

மழைத் தண்ணீர் வேண்டும். வானத்தைப் பார்த்தேன், ஒரு முகிலில்லை. அடுத்த மழைக்கு இனிப் புரட்டாசி கழியவேண்டும். வேலணைப் பக்கம் மணலுக்குள் ஒரு நன்னீர்க் கிணறு இருந்தது. சைக்கிளில் போய் இரண்டு போத்தல் பிடித்து வந்து, ஐந்தாம் படத்தைத் தொடங்கினேன். போத்தலைப் பைக்குள் வைத்து, வாளித் தண்ணீரைப் பூவரசுக்கு ஊற்றிக்கொண்டு, மூன்று நாள் வேலை பார்த்தேன். நாலாம் நாள் மனேச்சரின் மனைவி பின்னால் வந்து நின்றார்.

"போத்தலுக்குள்ள என்ன, வாத்தியார்?"

"தண்ணி, அம்மா."

"வாளியிலயும் தண்ணிதானே கிடக்கு."

"இது வேலணைத் தண்ணி."

"ஏன், எங்கட தண்ணிக்கு என்ன?"

கதிரையில் இருந்த மனேச்சர் அசையாமல் இருந்தார். நான்தான் அசையக் கூடாதென்று சொல்லியிருந்தேன். ஆனால் கண் என் பக்கம் திரும்பியது.

நான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு அறிவு போதவில்லை. "உப்புக் கொஞ்சம் கிடக்குப் போல, ஐயா."

மனேச்சர் எழுந்தார். இரண்டு செம்பு கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் தன் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் என் போத்தல் தண்ணீர். தன்னுடையதை முதலில் குடித்தார். பிறகு வேலணையைக் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்று, முற்றத்தில் துப்பினார்.

"சப்பெண்டு கிடக்கு" என்றார். "தண்ணியெண்டால் ஒரு ருசி வேண்டாமோ?" செம்பை மனைவியிடம் கொடுத்தார். அவரும் குடித்துப் பார்த்து, "வருத்தக்காரருக்குக் குடுக்கிற தண்ணி" என்றார்.

"வாத்தியார், இந்தக் கிணத்தில பதினெட்டுக் குடும்பம் அள்ளுது. ஒரு குழந்தை கூட உப்பெண்டு சொன்னதில்லை. என்ர படம் என்ர தண்ணியில வரும். இல்லாட்டி வரவே வேண்டாம். படிவமும் கிடக்கட்டும்."

போத்தலை அவரே எடுத்துக் கவிழ்த்தார். ஐந்தாம் படம் இப்படி மூன்று நாள் வயதில் முடிந்தது. கழுத்துவரை வந்திருந்தது.

அவரை ஏமாற்றலாமென்று ஓர் இரவு நினைத்தேன். ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மனைவியின் காவல் பலமாயிருந்ததும் ஒரு காரணம். அவர் தண்ணீர்தான் வேண்டும், அதில் உப்பு இருக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்புக்கு நானே விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியைப் பிடித்தால் உப்புப் பானையில் நிற்கும், தண்ணீர் போத்தலுக்கு வரும். மனேச்சரிடம் போய், "உங்கட தண்ணிதான், ஐயா, காய்ச்சி எடுக்கப் போறன்" என்றேன். "காய்ச்சும்" என்றார். "என்ர தண்ணியெண்டால் சரி."

அக்காவின் பெரிய பானையை எடுத்தேன். மூடியில் துளையிட்டு மூங்கில் குழாய் செருகி, சுற்றிவர மாப்பசை பூசினேன். குழாயின் மறுமுனை ஈரச் சாக்கில் நிறுத்திய போத்தலுக்குள். குசினிக்குப் பின்னால், வேலியோரம், பனங்கொட்டை ஊமலைக் கொளுத்தி, மார்ச் 6ஆம் திகதி புதன்கிழமை பாடசாலை விட்டு வந்து அடுப்பு மூட்டினேன். ஒரு போத்தலுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் பிடித்தது. நாலு நாளில் பதினாலு போத்தல் ஊற்றி ஏழு போத்தல் பிடித்தேன். மீதி ஏழும் ஆவியாகி வேலிக்கு மேலால் போயின.

பானை, குழாய், போத்தல், வேலி மறைவு, நாலு நாள் புகை. இதைப் பார்த்து ஊரில் ஒருவருக்கு என்ன தோன்றும் என்று நான் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. வர்ணத்தைப் பற்றி அவ்வளவு யோசித்திருந்தேன். யார் போய்ச் சொன்னதென்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு. அதில் ஒன்று எங்களுடையது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு விதானையார் படலையைத் திறந்துகொண்டு நேரே குசினிப் பின்புறம் வந்தார். ஊரில் அரசாங்கம் என்றால் அவர்தான்.

"வாத்தியார், உதென்ன காய்ச்சிறீர்?"

"தண்ணி."

"தண்ணியை ஏன் காணும் குழாயால விட்டுக் காய்ச்சவேணும்?"

"அதிலயிருந்து தண்ணி எடுக்க."

"தண்ணியிலயிருந்து தண்ணி எடுக்கிறீர்."

"ஓம்."

இதை அவர் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு போத்தலைத் திறந்து மணந்தார். மறுபடி மணந்தார். ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் வரைய முயன்றிருந்தால் அது ஒரு நல்ல படமாக வந்திருக்கும்.

"படிப்பிக்கிற ஆள்" என்றார். "மனேச்சருக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் நான் எழுத ஏலாது."

மனேச்சரிடம் ஆள் போயிற்று. பதினொரு நிமிடத்தில் மனேச்சர் குடையோடு வந்தார். விதானையார் பானை மூடியைத் திறந்தார். தண்ணீர் வற்றியிருந்தது. அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டி, ஒரு மஞ்சள் தாளில் கொட்டி, நாக்கில் வைத்தார்.

"சாராயமில்லை" என்றார். "உப்பு."

இதைக் கேட்டு நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"உப்பு அரசாங்கத்துச் சாமான், வாத்தியார். அனுமதி இல்லாமல் காய்ச்ச ஏலாது. எந்தத் தண்ணி காய்ச்சினனீர்? கிணத்துத் தண்ணியெண்டால் சொல்லும், நான் இந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டுப் போறன். கிணத்துத் தண்ணி காய்ச்சிறதுக்கு வழக்கில்லை. கடல் தண்ணியெண்டால் அது உப்புக் காய்ச்சினது."

கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னால், எந்தக் கிணறு என்று கேட்பார். கேட்காவிட்டாலும் வேலிக்கு அப்பால் ஆறு வீடும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கிணறு உப்பென்று பின்னேரத்துக்குள் பதினெட்டுக் குடும்பத்துக்கும் தெரிந்துவிடும். மனேச்சர் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் தாளில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் சற்றுத் திறந்திருந்தது. மார்ச் 31க்கு இருபத்திரண்டு நாள். நான் மனதுக்குள் ஒன்பதுவரை எண்ணினேன்.

"கடல் தண்ணி" என்றேன்.

"கடலுக்கு இவன் எப்ப போனவன்?" என்று அக்கா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"அக்கா, உலை கொதிக்குது."

"உலை இன்னும் வைக்கவேயில்லையடா. பானை உன்னட்டையெல்லோ கிடக்கு."

விதானையார் எழுதிக்கொண்டு, பானையையும் குழாயையும் ஏழு போத்தலையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போனார். மனேச்சர் நின்ற இடத்தில் நின்றார். பிறகு குனிந்து, நிலத்தில் சிந்தியிருந்த ஒரு சிறு உப்புப் பரலை விரலால் தொட்டு எடுத்து வாயில் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"குடை எங்க?" என்று கேட்டார்.

"கையில கிடக்கு, ஐயா."

"ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 19ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் என் வழக்கு. மேசையில் என் உப்பு ஒரு சிறு பொட்டலமாக இருந்தது. எடை ஒன்றேகால் அவுன்ஸ் என்று வாசித்தார்கள். நீதவான் தமிழர் அல்லர். கேள்வியும் பதிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய் வந்தன.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒப்புக்கொள்கிறேன்."

"இவ்வளவு சிறிதளவு உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய இருந்தீர்?"

"படம் கீறத்தான் காய்ச்சினேன்" என்றேன். அது உண்மை.

மொழிபெயர்ப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நீதவான் பக்கம் திரும்பி, கறிக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியும். திருத்தினால் நிலைமை மோசமாகும் என்பதால் விட்டுவிட்டேன். ஐந்து ரூபா குற்றப்பணம். கட்டிவிட்டு, பறிமுதல் செய்த தண்ணீரைத் திருப்பித் தரும்படி விண்ணப்பித்தேன். பானை திரும்பவில்லை. ஏழு போத்தலில் ஐந்துதான் திரும்பின. காவலுக்கு நின்றவன் ஒரு போத்தலைச் சாராயம் என்று நம்பிக் குடித்திருப்பான். இரண்டாவதை ஏன் குடித்தான் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐந்து போத்தலில் ஆறாம் படத்தை எட்டு நாளில் வரைந்தேன். மனேச்சர் கதிரையில் வந்திருந்தார்; ஒரு நாளும் பேசவில்லை. மனைவி வாளியில் தண்ணீர் வைக்கவில்லை. போத்தலில் இருப்பது என்ன என்று கேட்கவுமில்லை. செம்பில் தண்ணீர் வந்தது, ஆனால் "எப்பிடித் தண்ணி?" என்ற கேள்வி வரவில்லை. அது வராதபோது எப்படிக் குடிப்பதென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மார்ச் 27ஆம் திகதி முடித்தேன். மனைவி வந்து பார்த்தார்.

"இவர்தான்" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனால் இளையவற்றை சாடையும் கிடக்கு."

"ஒரு தாய் பிள்ளையள்தானே" என்றார் மனேச்சர். அவர் அந்த எட்டு நாளில் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் படத்தை மண்டபத்தில் மாட்டினோம். சொன்னபடியே அதற்குக் கீழே ஒரு கதிரை போட்டு இருந்து, படிவத்தை எடுத்தார். மேலிருந்து ஒவ்வொரு பத்தியாக நிரப்பிக்கொண்டு வந்தார். ஏழாம் பத்தி, விண்ணப்பகாரர் எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரா என்பது. பேனையை மையில் தோய்த்தார். "இல்லை" என்று எழுதினார். தெளிவாக, கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். ஒற்றுத்தாளை வைத்து ஒற்றினார். பிறகு கையெழுத்து வைத்தார்.

படிவத்தை என்னிடம் நீட்டியவர் பிடியை விடவில்லை.

"அந்த வேலணைக் கிணறு எந்தப் பக்கம் கிடக்கு?"

"சந்தியால தெற்கை போய், மணலுக்குள்ள, ஐயா. தாழை நிக்கும்."

"வண்டில் போகுமோ?"

"கிணத்தடிமட்டும் போகும்."

"மாட்டுக்குத்தான் கேக்கிறன்" என்றார். "வெயிலுக்கு மாடு களைக்குது."

"ஓம், ஐயா."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருடைய மாட்டு வண்டில் இரண்டு பீப்பாவோடு வேலணைக்குப் போய் வரத் தொடங்கியது. மனேச்சரிடம் இருந்தது இரண்டு மாடு. அந்த இரண்டும் வண்டிலில் பூட்டப்பட்டிருந்தன. இரண்டு மாட்டுக்கு இரண்டு பீப்பா என்ன கணக்கென்று நான் கேட்கவில்லை. பதினெட்டுக் குடும்பமும் வழக்கம்போல் அந்தக் கிணற்றில்தான் அள்ளின. யாராவது "இளநீர்" என்றால் மனேச்சர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்.

நான் அந்தப் பாடசாலையில் முப்பத்துமூன்று வருடம் படிப்பித்தேன். வேறு படம் வரையவில்லை. மனேச்சர் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. போன மாரியில் மண்டபத்துக்குப் போனேன். மழை மூன்று நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது, என் முழங்காலும் சுகமில்லை, குடையிலும் இரண்டு கம்பி போய்விட்டது. கறையான் மனேச்சரின் இடது தோளைத் தின்றிருந்தது. கதிரை ஒன்றில் ஏறி, விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கணக்குக் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தாள், சீலை, வர்ணத் தூள், பட்டினத்துக்கு மூன்று முறை வள்ளக் கூலி, அக்காவின் பானை, குற்றப்பணம் எல்லாமாகப் பதினாறு ரூபா அறுபத்தைந்து சதம்.